அதே விமானம்

தம்பியைக் கொன்ற விமானத்துக்குத் துணி தைக்க அக்காவையே கூப்பிட்டார்கள். சேதியைக் கேட்டு அவள் கத்தவில்லை, அழவில்லை. கையிலிருந்த ஊசியை மெழுகுக் கட்டியில் குத்தி வைத்துவிட்டு, "எப்ப கொண்டு வராங்க?" என்று மட்டும் கேட்டாள். சேதி கொண்டுவந்த பட்டறை அண்ணன் அவள் முகத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் தேதியைச் சொன்னார்.

பட்டறை அண்ணன்தான் அந்தப் பட்டறைக்குச் சொந்தக்காரர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார், ஏனென்றால் அங்கே எல்லோருக்கும் அவள் தையலக்கா. எண்பது, தொண்ணூறு வயதான விமானங்களை மறுபடி பறக்க வைப்பது அவர்கள் தொழில். அந்தக் காலத்து விமானத்துக்கு இறக்கை என்றால் மரச் சட்டம், சட்டத்தின் குறுக்கே விலா எலும்பு மாதிரி வரிசையாக மெல்லிய கட்டைகள், அதன் மேல் துணி, அவ்வளவுதான். முழ நீள ஊசியால் துணியை விலாவோடு சேர்த்துக் குத்தி வாங்கி, இரண்டு விரற்கடைக்கு ஒரு முடிச்சுப் போட வேண்டும். பிறகு முடிச்சு வரிசையின் மேல் நாடா ஒட்டி, மூக்கைத் துளைக்கும் பூச்சை அடித்துவிட்டால் துணி மேளத்தோல் போல இறுகிவிடும். அதற்குப் பிறகு உள்ளே இருக்கும் முடிச்சு நல்லதா கெட்டதா என்று தைத்தவளைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது.

இந்த விமானத்தின் சொந்தக்காரருக்குக் கேப்டன் என்று பெயர். எந்தக் கம்பெனியிலும் அவர் விமானம் ஓட்டியதில்லை. சொந்த விமானத்தைச் சொந்தப் பொழுதுபோக்குக்கு ஓட்டியவர், பட்டத்தையும் சொந்தமாகவே வைத்துக்கொண்டார். அவள் தம்பி அவரிடம் மெக்கானிக்காக இருந்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஏரிக்கரையில் நண்பர்கள் கூடி நின்று கையாட்டுவதைப் பார்த்ததும் கேப்டனுக்குக் குஷி கிளம்பிவிட்டது. தண்ணீரைத் தொடுகிற மாதிரி இறக்கி, கடைசி நொடியில் மேலே தூக்கிக் காட்டப் போனார். தூக்க முடியவில்லை. விமானம் கரையில் மோதி முன்பாதி நசுங்கியது. முன் இருக்கையில் தம்பி உட்கார்ந்திருந்தான். பின் இருக்கையில் இருந்து ஓட்டிய கேப்டனுக்கு ஒரு கால் மட்டும் கொஞ்சம் கட்டையாகிப் போனது.

அதோடு விட்டிருந்தால்கூட அவள் ஒருவேளை ஆறியிருப்பாள். கேப்டன் விசாரணையில் ஒரு வாக்குமூலம் கொடுத்தார். அந்த இரண்டு இருக்கை விமானத்தில் முன்னால் ஒரு ஸ்டிக், பின்னால் ஒரு ஸ்டிக். விமானத்தை ஏற்றவும் இறக்கவும் கையில் பிடிக்கிற இரும்புத் தண்டுதான் ஸ்டிக். "பையன் ஆசைப்பட்டான், முன் ஸ்டிக்கைப் போடச் சொன்னேன். கீழே இறங்கும்போது பயந்துபோய் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். என்னால் மேலே இழுக்க முடியவில்லை" என்றார். அறிக்கையும் அப்படியே எழுதிவிட்டார்கள்.

அவள் அன்றைக்கே எழுந்து நின்று சொன்னாள். முன் ஸ்டிக் கழற்றி மாட்டுகிற ஸ்டிக். கேப்டன் கூடப் போகும்போது தம்பி அதைக் கழற்றி ஒரு துணி உறையில் போட்டு, பின் இருக்கைக்குப் பின்னாலுள்ள சாமான் பெட்டியில் வைத்துவிடுவான். வேறு ஒரு கை தன் விமானத்தைத் தொடுவது கேப்டனுக்குப் பிடிக்காது. "அவர்கூடப் போனா நான் மூட்டைதான்க்கா. மூட்டைக்கு எதுக்கு ஸ்டிக்?" என்று தம்பியே சிரித்திருக்கிறான். உறையைத் தைத்துக் கொடுத்ததே அவள்தான்.

"அந்த உறை எங்கே?" என்று கேட்டார்கள்.

உறை கிடைக்கவில்லை. ஸ்டிக்கும் கிடைக்கவில்லை. அது தெறித்து ஏரிக்குள் போயிருக்கும் என்றார் கேப்டன். செத்தவனின் அக்கா சொல்வதற்கும், கால் உடைந்து கட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பவர் சொல்வதற்கும் நடுவில் யாரை நம்புவார்கள்? தம்பி பெண்டாட்டி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். மாத்திரை வாங்க வருகிறவர்கள் இன்றைக்கும் அவளிடம், "உங்க வீட்டுக்காரர்தானே பயத்துல பிடிச்சுக்கிட்டவரு?" என்று விசாரிப்பார்கள். அவள் மாத்திரைக்குக் கொடுத்த காசோடு அதையும் வாங்கி வைத்துக்கொள்வாள்.

வேலையைத் தையலக்காவிடம்தான் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது யார் தெரியுமா? கேப்டனேதான். நொறுங்கிய விமானத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிய அன்று, காலை இழுத்து இழுத்து நடந்து வந்து அவள் தையல் மேசை முன்னால் நின்றார். கூடவே படம் பிடிக்க ஒரு ஆளும் வந்திருந்தான்.

"உன் கையால தைக்கணும்மா. அவன் ஆத்மா சாந்தியடையும். நம்ம ரெண்டு பேரு மனசும் ஆறும்."

"நம்ம ரெண்டு பேரு மனசுமா சார்?"

"ஆமாம்மா. எனக்கு மட்டும் வலி இல்லையா?" என்று காலைத் தட்டிக் காட்டினார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பறக்கும் நாளில் கூட்டம் கூடும், பத்திரிகையில் படம் வரும், இறந்தவனின் அக்காவே இறக்கை தைத்தாள் என்று எழுதுவார்கள். அக்காவே தைத்துவிட்டாள் என்றால் அக்காவே மன்னித்துவிட்டாள் என்றுதானே அர்த்தம். செத்தவன் தலையில் பழியைக் கட்டியாயிற்று, இப்போது இருப்பவளிடம் மன்னிப்பையும் இலவசமாகக் கறந்துகொண்டு போகப் பார்க்கிறார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சரி சார், தைக்கிறேன்" என்றாள். படக்காரன் அதைப் பணிவு என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டான்.

அவள் நல்லவள் என்று யாரும் அவசரப்பட்டு முடிவு கட்டிவிட வேண்டாம். கொல்வதற்காகத்தான் அவள் அந்த வேலையை ஒத்துக்கொண்டாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் தம்பி பெண்டாட்டி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அதைத் தைக்கப் போறீங்களாமே அண்ணி? மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்த வேண்டிய சாமானை!"

"கொளுத்தினா சாமான்தானே போகும்?" என்றாள் அவள். தம்பி பெண்டாட்டி அவள் முகத்தைப் பார்த்தாள். இரண்டு தட்டில் சோறு போட்டாள், இருவரும் சாப்பிட்டார்கள்.

வேலை மாதக்கணக்கில் ஓடியது. பட்டறை அண்ணனின் ஆட்கள் மரத்தை இழைத்துப் புதுச் சட்டம் செய்து கொடுக்கக் கொடுக்க, அவள் துணியைப் போர்த்தித் தைத்தாள். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று அந்த விமானத்துக்கு நான்கு இறக்கைகள். ஒருநாள் டீ குடிக்கும்போது அவள் கேட்டாள்.

"அண்ணே, இதுல பழசு எது?"

"பேர்த் தகடு." உள்ளங்கை அகலத்தில், எண் பொறித்த ஒரு பித்தளைத் தகடு. "அப்புறம் கொஞ்சம் இரும்புச் சாமான்."

"இறக்கை?"

"புதுசு."

"உடம்பு?"

"புதுசு. எஞ்சின் வேறொண்ணுலேர்ந்து எடுத்தது."

"அப்ப இது எப்படி அந்த விமானம்?"

"தகடு அதுதானேக்கா. பதிவேட்டுல அந்த நம்பர் ஓடுற வரைக்கும் இது அதே விமானம்தான். அதுக்குத்தான மதிப்பு. புதுசா ஒண்ணு செஞ்சு நிறுத்தினா யாரு கையாட்டுவா?"

"அதே விமானம்னா, என் தம்பி செத்தது இதுலதான்."

அண்ணன் டம்ளருக்குள் பார்த்தார். "விபத்துல சிக்காத பழைய விமானம் ஒண்ணு காட்டு பார்ப்போம். ஆள் செத்ததை எல்லாம் கொளுத்தணும்னா நான் பட்டறையை மூடிட்டு விறகுக்கடை வைக்க வேண்டியதுதான். மரம் என்னக்கா பாவம் பண்ணுச்சு?"

அது நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது. மரத்தின் மேல் அவளுக்குக் கோபமே இல்லை. ஆனால் விமானத்தின் முன்னால் வைப்பதற்காகக் கேப்டன் எழுதிக் கொண்டுவந்த வரலாற்றுப் பலகையைப் பார்த்தபோது அவள் வயிறு எரிந்தது. எந்த வருஷம் பிறந்தது, யார் யார் ஓட்டினார்கள், எந்தப் போட்டியில் என்ன கோப்பை என்று ஆதியோடந்தமாக எழுதியிருந்தது. ஆறு வருஷத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை. வயசு வேண்டும், பெருமை வேண்டும், கோப்பை வேண்டும், சாவு மட்டும் வேண்டாம். கல்யாணப் பந்தியில் பிடிக்காத கூட்டை ஓரம் ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கியிருந்தார்.

மூன்றாவது இறக்கை, வலது கீழிறக்கை. உடம்போடு சேருகிற இடத்துக்குப் பக்கத்து விலாவில் வந்து ஊசி நின்றது. காற்றாடி தள்ளுகிற காற்று முழுக்க அறைகிற இடம் அது. அங்கே நாலைந்து முடிச்சு பொய்யாக இருந்தால் தரையில் ஒன்றும் தெரியாது. மேலே போய், வேகமெடுத்து, கேப்டன் குஷியில் மூக்கைக் கவிழ்க்கும்போது துணி உப்பும், கிழியும், உரிந்துகொண்டே போகும். அவர் மறுபடியும் கரையில் கையாட்டுகிறவர்களுக்காக இறங்குவார். அந்த ஆளுக்கு அது விடாது. இதை எல்லாம் அவள் ஆறு மாதமாக மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டாள்.

ஏழு பொய் முடிச்சுப் போட்டாள். பதினெட்டு வருஷத்தில் அவள் போட்ட முதல் பொய் முடிச்சுகள் அவை. நாடாவை நாளைக்கு ஒட்டலாம் என்று ஊசியை வைத்தாள்.

மறுநாள் காலையில் கேப்டன் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கக்கத்தில் எதையோ இடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நம்ம பட்டியல்ல பதிமூணு பழைய சாமான்தானே தேறுச்சு? இதோ பதினாலு!"

மேசை மேல் வைத்தார். நீளமாக ஒரு துணி உறை, கழுத்தில் நாடா. நாடாவை அவிழ்த்து உள்ளிருந்ததை வெளியே எடுத்தார். முன் இருக்கை ஸ்டிக்.

பழம்பொருள் சேர்க்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் தூக்கிப்போட மாட்டார்கள். துருப்பிடித்த ஆணியைக்கூட, "இது அசல்" என்று பஞ்சில் பொதிந்து வைப்பார்கள். கொலைகாரன் கத்தியைக் கிணற்றில் போடுவான். இந்த ஆள் ஆறு வருஷம் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்துவிட்டு, அசல் சாமானில் ஒன்று கூடுகிறதே என்ற ஆசையில் தன் கையாலேயே கொண்டுவந்து வைக்கிறார். அதுவும் யார் மேசையில்!

"இது எப்படி சார் கிடைச்சுது?" என்றார் பட்டறை அண்ணன்.

"ஏரியில மீன் பிடிக்கிற ஒருத்தன் அப்பவே கண்டெடுத்துக் கொடுத்தான். எங்கேயோ வச்சு மறந்துட்டேன். பாருங்க, ஒரு கீறல் இல்ல!"

தையலக்கா ஸ்டிக்கைப் பார்க்கவில்லை. உறையைப் பார்த்தாள். இறக்கைத் துணியில் மிஞ்சிய துண்டு. ஓரம் மடித்து அவள் போட்ட இரட்டைத் தையல். வாய்ப்பக்கம் நூல் தீர்ந்துபோய் வேறு நிறத்தில் முடித்தது. "என்னக்கா, ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கு?" என்று தம்பி கிண்டல் பண்ணினான். "உன் மூஞ்சிக்கு இது போதும்" என்று அவள் சொல்லியிருந்தாள். உறையைத் தொட்டு முகர்ந்தாள். எண்ணெய் வாசனையும் பூச்சி உருண்டை வாசனையும் வந்தது. ஏரி வாசனை துளிகூட இல்லை.

உறையை யார் தைத்தது என்பது கேப்டனுக்குத் தெரியாது. விசாரணையில் அவள் சொன்னபோது அவர் கேட்டிருக்க மாட்டார். அவள் பேசுகிற நேரமெல்லாம் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

"உறையும் அசல்தானா சார்?" என்று கேட்டாள். குரல் தேன் மாதிரி வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"பின்னே? அசல்தாம்மா. அதையும் சேத்து எழுதுங்க."

பட்டறை அண்ணன் எழுதினார்: பதினான்கு, முன் இருக்கை ஸ்டிக், உறையுடன்.

கேப்டன் போனதும் அவள் நேராக வலது கீழிறக்கைக்குப் போனாள். கத்தரியை எடுத்து, நேற்றுப் போட்ட ஏழு பொய் முடிச்சையும் ஒவ்வொன்றாக வெட்டினாள். புது நூலுக்கு மெழுகு தடவி, அந்த வரிசை முழுவதையும் மறுபடி தைத்தாள். மனசு இளகிவிட்டது என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். அந்த ஆள் விழுந்து செத்தால் என்ன நடக்கும்? வானத்தை நேசித்த மாவீரன் என்று எழுதுவார்கள். ஏரிக்கரையில் கல் நட்டு வைப்பார்கள். தம்பி மேலுள்ள பழி அப்படியே நிலைத்துவிடும், பிறகு எந்தக் காலத்திலும் அதைத் துடைக்க முடியாது. கேப்டன் நல்லபடியாக, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அவள் அன்றுதான் முதல்முறையாக மனதார வேண்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் அரசாங்கத்திலிருந்து ஆய்வு அதிகாரி வந்தார். கடைசி இறக்கையைத் துணி மூடும்முன் சட்டத்தை அவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு விலாவையும் விரலால் தட்டிப் பார்க்கிற பெண்மணி. சிரிக்க மாட்டார், அவசரப்பட மாட்டார். கேப்டன் தன் பழைய விமானச் சங்கத்து நண்பர்கள் நாலு பேரோடு வந்திருந்தார். படக்காரனும் வந்திருந்தான்.

அசல் சாமான் பட்டியலை அதிகாரி நீட்டினார். அதன் அடியில் ஒரு உறுதிமொழி அச்சடித்திருக்கும்: இதில் கண்ட ஒவ்வொன்றும் விபத்தின்போது இவ்விமானத்தில் இருந்தது, அதிலிருந்தே எடுக்கப்பட்டது என உறுதி கூறுகிறேன். கேப்டன் நண்பர்களுக்குக் கேட்கிற மாதிரி பதினான்கையும் சத்தமாகப் படித்து, பேனாவைச் சுழற்றிக் கையெழுத்துப் போட்டார்.

மை காயட்டும் என்று தையலக்கா காத்திருந்தாள்.

"மேடம், பதினாலாவதைக் கொஞ்சம் பாக்குறீங்களா?"

"என்ன அதுல?"

"உறையுடன்னு எழுதியிருக்கு."

அதிகாரி உறையைக் கையில் எடுத்தார். அவள் சொன்னாள்: "அதைத் தைச்சவ நான். ஸ்டிக்கைக் கழட்டினா மட்டும்தான் என் தம்பி இந்த உறையை எடுப்பான். விசாரணையில சொன்னேன், உறை எங்கேன்னு கேட்டாங்க. இங்கதான் இருக்கு."

பட்டறையில் ரம்பம் நின்றது. கேப்டன் சிரிக்க முயன்றார்.

"அம்மா, உறை பெட்டிக்குள்ள சும்மா கிடந்துச்சு. என் டிரைவர் என் கோட்டு, பை எல்லாத்தையும் எடுத்தப்ப அதையும் எடுத்துட்டு வந்துட்டான். ஸ்டிக்குதான் ஏரியில கிடைச்சுது. வீட்டுல வச்சுதான் உறையில போட்டேன்."

சொல்லி முடித்துவிட்டு நண்பர்களைப் பார்த்தார். அது கொஞ்சம் நம்புகிற மாதிரிதான் இருந்தது. ஒரு நண்பர் தலையைக்கூட ஆட்டினார்.

தையலக்கா இதற்கும் தயாராகத்தான் வந்திருந்தாள். சுவரில் ஒரு பலகை உண்டு. கழித்துப்போட்ட ஒவ்வொரு சாமானையும் சீட்டுக் கட்டி அதில் தொங்கவிட்டிருப்பார்கள், அதிகாரி பார்க்கும்வரை எதையும் எறியக்கூடாது என்பது சட்டம். அவள் அதிலிருந்து ஒரு இரும்புக் குழலைக் கழற்றிக்கொண்டு வந்தாள். முன் ஸ்டிக் செருகி நிற்கிற சாக்கெட். விபத்தில் நசுங்கியது, உபயோகமில்லை என்று சீட்டில் எழுதியிருந்தது. குழலின் வாய் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு, மென்று துப்பிய வைக்கோல் தண்டு மாதிரி தட்டையாக இருந்தது. அதைக் கம்பி மாதிரி நேராக, பளபளவென்று இருந்த ஸ்டிக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்குத் தையல்தான் தெரியும். இரும்பு தெரியாது" என்று சொல்லிவிட்டு, பட்டறை அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, நீங்க சொல்லுங்க."

அண்ணன் கேப்டனைப் பார்த்தார். கேப்டன் ஒருத்தர் தயவில்தான் மூன்று வருஷமாகப் பட்டறைக்கு வேலை வந்துகொண்டிருக்கிறது. அது எல்லோருக்கும் தெரியும். அண்ணன் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"உள்ள ஸ்டிக் இருந்திருந்தா குழல் இப்படி ஒட்டாது மேடம்" என்றார். "ரெண்டும் சேந்துதான் வளைஞ்சிருக்கும். நசுங்கினப்ப இது காலிக் குழல்."

அதிகாரி ஸ்டிக்கை எடுத்து அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "இந்த ரெண்டும் இந்த விமானத்தோட அசல் சாமான். அப்படித்தானே சார்? இப்பதான் கையெழுத்துப் போட்டீங்க."

கேப்டன் பட்டியலையும் ஸ்டிக்கையும் மாறி மாறிப் பார்த்தார். அசல் இல்லை என்று சொன்னால் உறுதிமொழி பொய். அசல் என்று சொன்னால் ஆறு வருஷத்துக்கு முந்தைய வாக்குமூலம் பொய். வசமாக மாட்டிக்கொண்ட அந்த முகத்தைத் தையலக்கா கண் இமைக்காமல் பார்த்தாள். ஆறு வருஷப் பட்டினிக்குப் பிறகு சாப்பிட உட்கார்ந்தவள் மாதிரி, நிதானமாக, திருப்தியாகப் பார்த்தாள். அவர் பக்கத்தில் நின்ற நண்பர்கள் மெல்ல ஒரு எட்டு நகர்ந்து நின்றதையும் பார்த்தாள். படக்காரன் படம் எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் முழித்தான்.

"எடுப்பா. நல்லா எடு" என்றாள்.

விசாரணை மறுபடி நடந்தது. இந்தத் தடவை அவள் பேசும்போது கேப்டனால் ஜன்னலைப் பார்க்க முடியவில்லை. டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். உறையை அவன் பெட்டியிலிருந்து எடுத்தபோதே உள்ளே கனமாக ஏதோ இருந்தது என்று அவன் சொல்லிவிட்டான். பழைய அறிக்கை ரத்தானது. புதிய அறிக்கையை அவளும் தம்பி பெண்டாட்டியும் மருந்துக்கடை வாசலில் நின்று படித்தார்கள். முன் இருக்கையில் இருந்தவரிடம் எந்தக் கட்டுப்பாட்டுக் கருவியும் இருக்கவில்லை. விபத்துக்குக் காரணம் விமானியின் வேடிக்கைப் பறப்பு. விமானி சான்றை மறைத்துப் பொய் வாக்குமூலம் அளித்தார். தம்பி பெண்டாட்டி காகிதத்தைக் கொண்டுபோய், மாத்திரை கொடுக்கிற இடத்துக் கண்ணாடியில் வெளியே பார்த்த மாதிரி ஒட்டினாள். கடைக்காரரே ஒட்டு நாடாவை எடுத்துக் கொடுத்தார்.

கேப்டனின் உரிமம் போனது. இனி ஆயுசுக்கும் அவர் ஓட்ட முடியாது. பொய்ச் சாட்சி வழக்கு தனியாக நடக்கிறது. விமானத்தைச் சங்கத்துக்காரர்கள் வேறு விமானியை வைத்துப் பறக்கவிடுவது என்று ஏற்பாடாயிற்று.

ஒரு மாதம் கழித்து, தையலக்கா கடைசி இறக்கையைத் தைத்துக்கொண்டிருந்தபோது கேப்டன் வந்தார். கூட யாரும் இல்லை. சட்டை கசங்கியிருந்தது.

"அம்மா, ஒரு உதவி" என்றார். அவள் ஊசியை நிறுத்தவில்லை.

விஷயம் இதுதான். கண்காட்சியில் நிற்கிற ஒவ்வொரு விமானத்தின் முன்னாலும் இனி சொந்தக்காரர் எழுதிய பலகை வைக்கக்கூடாது, பதிவேட்டில் உள்ள வரலாற்றை ஒரு வரி விடாமல் கண்ணாடிச் சட்டத்தில் வைக்க வேண்டும் என்று அதிகாரி உத்தரவு போட்டுவிட்டார். புதிய அறிக்கை முழுவதும், கேப்டனின் முழுப் பெயரோடு அந்தப் பதிவேட்டில் ஏறிவிட்டது. இந்த எண் பறக்கிற ஊரெல்லாம் அதுவும் போகும். இன்னும் ஐம்பது வருஷம் கழித்து யார் கைக்குப் போனாலும் முதலில் அதைத்தான் படிப்பார்கள்.

"இது புது விமானம்னு எழுதிடலாம்மா" என்றார் கேப்டன். "தகட்டைக் கழட்டித் திருப்பிக் கொடுத்துடறேன். யோசிச்சுப் பாரு, மரம் புதுசு, துணி புதுசு, எஞ்சின் வேற. இதுல என்ன இருக்கு அந்தப் பழைய விமானம்? நியாயமாப் பாத்தா இது வேறதானே? அண்ணனும் நீயும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாப் போதும்."

பட்டறை அண்ணன் தூரத்தில் நின்று மரத்தை இழைத்துக்கொண்டிருந்தார். இழைப்புளி நின்றது. அவர் தையலக்காவைப் பார்த்தார்.

ஒரு காலத்தில் அவளே கேட்ட கேள்விதான். அப்போது அதற்குப் பதில் அவளுக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது ஊசியை மேலே வாங்கி, நூலைச் சுண்டி, முடிச்சை இறுக்கிவிட்டுத் தலை நிமிர்ந்தாள்.

"இல்ல சார். தகடு அதேதான், நம்பர் அதேதான். இது அதே விமானம்தான். நீங்கதானே எல்லார் முன்னாடியும் கையெழுத்துப் போட்டீங்க?"

"உனக்கு இதைப் பாத்தா வயிறு எரியலையாம்மா? உன் தம்பி செத்த விமானம். இது பறக்கணுமா?"

"பறக்கணும்" என்றாள். "நூறு வருஷம் பறக்கணும். அதுக்குத்தான் இவ்வளவு இறுக்கமாத் தைக்கிறேன்."

கேப்டன் நின்றுகொண்டே இருந்தார். அவள் நூலில் மெழுகு தடவி, ஊசியின் காதைத் தேடினாள்.

"கொஞ்சம் நகருங்க சார். வெளிச்சத்தை மறைக்கிறீங்க."